தோட்டம் விற்றாச்சு, புது வீடுகளும் வந்தாச்சு. லயத்துக்காரர்களுக்கு மட்டும் ஏன் எட்டவில்லை?

செம்பனைத் தோட்டம் கைமாறி, பக்கத்திலேயே வரிசையாக வீடுகள் எழும்பியும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்கள் ஏன் வாங்கவில்லை என்று கேட்கிறீர்கள். கணக்குதான் உதைக்கிறது.

350,000 ரிங்கிட் வீட்டுக்கு 10 விழுக்காடு முன்பணமே 35,000. மீதியை 4 விழுக்காட்டு வட்டியில் 35 ஆண்டு கட்டினால் மாதம் ஏறக்குறைய 1,395. ஆனால் வங்கிகள் பொதுவாக 70 வயதுக்குள் கடனை முடிக்கச் சொல்லும். 50 வயதுக்காரருக்கு 20 ஆண்டுதான். தவணை 1,900-ஐத் தாண்டிவிடும். ஆண்டு வருமானத்தில் மூன்று மடங்குக்குள் இருந்தால்தான் கட்டுப்படியான விலை என்பார்கள். மாதம் 3,000 வரும் குடும்பத்துக்கு அது 108,000.

நகரத்து ஆள்கள் வந்து விலையை ஏற்றிவிட்டார்கள் என்ற கோபம் பாதிதான் சரி. புது வீடே இல்லாவிட்டால் அவர்கள் பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குப் போட்டி போடுவார்கள். அங்கே வாடகை ஏறும். உண்மையான அடி வேறு இடத்தில்: லயம் வேலையோடு ஒட்டிய வீடு. மூன்று தலைமுறை குடியிருந்தாலும் அதனால் மட்டும் கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) கைக்கு வராது. தொழிலாளர் குடியிருப்புத் தரம் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம்கூட முதலாளி தரும் வீட்டின் தரத்தைத்தான் பேசுகிறது, உடைமையை அல்ல.

எனவே பேரம் பேச வேண்டியது நிலம் கைமாறும்போதே. தீபகற்ப மலேசியாவில் 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்தைத் துண்டாடி விற்க, தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி தேவை. மாற்று வீடு தருகிறோம் என்ற வாய்ப்பேச்சை நம்பிக் காலி செய்யாதீர்கள். வீட்டு எண், விலை, சாவி தரும் தேதி, இடைக்கால வாடகை யார் பொறுப்பு எல்லாம் எழுத்தில் வேண்டும். அடுக்குமாடி என்றால் மாதப் பராமரிப்புக் கட்டணத்தையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.