வாசகர் கேள்வி - பதில்: நுரைப் பலகை கேம்பருக்கு எந்தப் பசை, எந்தத் துணி?

கேள்வி: காரின் பின்னால் இழுத்துச் செல்ல, எக்ஸ்.பி.எஸ். நுரைப் பலகையில் (அழுத்தி வார்த்த பாலிஸ்டைரின் நுரை) சிறிய கேம்பர், அதாவது உள்ளே படுத்துத் தூங்கும் வண்டி, கட்டுகிறேன். கான்டாக்ட் பசையைத் தடவிய இடமெல்லாம் பலகை குழிந்து, சுருங்கிப் போய்விட்டது. பலகை மட்டமா, பசை தவறா?

பதில்: பலகையைக் குறை சொல்ல முடியாது. எக்ஸ்.பி.எஸ்.ஸும் தெர்மாகோலும் பாலிஸ்டைரின்தான். சாதாரண கான்டாக்ட் பசையில் டொலுயின் போன்ற கரைப்பான்கள் இருக்கும். அவை பாலிஸ்டைரினைக் கரைத்துவிடும். பெட்ரோல், தின்னர், அசிட்டோன், பல ஸ்ப்ரே பெயின்ட்கள் எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். ஃபைபர் துணியை ஒட்டும் பாலியெஸ்டர் ரெசினும் ஆகாது. அதில் இருப்பதே ஸ்டைரின் திரவம். ஃபைபர் துணி ஒட்டும் முன்பே அடியில் பலகை உருகிப் போகும். பசை டப்பாவில் 'பாலிஸ்டைரினுக்கு ஏற்றது' என்று போட்டிருந்தாலும், வெட்டி மிஞ்சிய துண்டில் தடவி ஒரு நாள் விட்டுப் பார்த்த பிறகே சுவரில் கை வையுங்கள்.

பலகையோடு பலகை சேர்க்க, நுரைத்துப் பொங்கும் பாலியூரித்தேன் பசை நல்லது. எக்ஸ்.பி.எஸ். பலகையின் மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும். அதில் எந்தப் பசையும் உறுதியாகப் பிடிக்காது. 60 அல்லது 80 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, தூசியைத் துடைப்பத்தாலோ வாக்குவம் கிளீனராலோ எடுங்கள். ஈரத் துடைப்பு வேண்டுமென்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் மட்டும் போதும். ஒரு பக்கத்தில் பசையை மெல்லப் பரப்புங்கள்; சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் போதும். அதோடு சேரும் மறு பலகையில் தண்ணீரைப் புகைபோலத் தெளியுங்கள். இந்தப் பசை ஈரத்தை வாங்கித்தான் இறுகும். இறுகும்போது பொங்கி, பலகைகளை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளிவிடும். மூட்டு விலகிப் போகிறது என்பவர்கள் பெரும்பாலும் பாரம் வைக்காதவர்கள்தான். மூங்கில் குச்சிகளைச் சாய்வாகக் குத்தி நகராமல் நிறுத்துங்கள். மேலே ஒரு ப்ளைவுட் துண்டை வைத்து, பாரம் எல்லா இடத்திலும் சமமாக விழும்படி குறைந்தது நாலு மணி நேரம் அழுத்தி வையுங்கள். கையுறை கட்டாயம், தோலில் பட்டு இறுகினால் தேய்ந்து போகும்வரை போகாது.

கன் வைத்து அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) ஃபோம் இடைவெளி நிரப்ப மட்டுமே. அதிலும் குறைவாகப் பொங்கும் வகையை வாங்குங்கள். கன்னைக் கழுவும் திரவத்தில் அசிட்டோன் இருக்கும். அது பலகையில் சொட்டினால் சொட்டிய இடத்தில் ஓட்டை.

கேள்வி: 25 மி.மீ. பலகை இரண்டை மரவேலைக்கான வெள்ளைப் பசையால் ஒன்றாக ஒட்டினேன். ஒரு வாரமாகியும் உள்ளே ஈரமாகவே இருக்கிறதே?

பதில்: ஒரு மாதமானாலும் அப்படித்தான் இருக்கும். அந்தப் பசை, தன்னிடமுள்ள தண்ணீர் வெளியேறினால்தான் இறுகும். மரமாக இருந்தால் உறிஞ்சிக்கொள்ளும், எக்ஸ்.பி.எஸ். உறிஞ்சாது. ஓரத்தில் அரை விரல் அகலம் காய்ந்து, நடுப்பகுதி பாலாகவே நிற்கும். பிரித்து, துடைத்து, பாலியூரித்தேன் பசையில் ஒட்டுங்கள். இனி வாங்குவதென்றால் 50 மி.மீ. பலகையாகவே வாங்கிவிடுங்கள், இந்த ஒட்டு வேலையே வேண்டாம்.

கேள்வி: மேலே போர்த்த கேன்வாஸா, ஃபைபர் துணியா? எவ்வளவு ரெசின் வேண்டும்?

பதில்: முதலில் எடைக் கணக்கு. ஒரு கன மீட்டருக்கு 32 கிலோ உள்ள 5 செ.மீ. பலகை 18 சதுர மீட்டர் என்றால் சுமார் 29 கிலோ. அதே பரப்பை 12 மி.மீ. ப்ளைவுட்டில் செய்தால் 130 கிலோ அளவில் வரும். ஆனால் வெறும் நுரைக்கு வலு கிடையாது. உள்ளும் புறமும் போர்த்தும் இரண்டு தோல்கள்தான் இழுவிசையையும் அழுத்தத்தையும் தாங்கும். அவற்றை விலக்கிப் பிடித்திருப்பது நுரையின் வேலை. அதனால் வெளிப்புறம் மட்டும் போர்த்திவிட்டு உள்ளே வெறுமனே விட்டால் சுவர் வளையும்.

கேன்வாஸ் முறையில், பருத்திக் கேன்வாஸை நீர் தாங்கும் மரப் பசையில் (டி3 அல்லது டி4 தரம்) ஊற ஒட்டி, மேலே இன்னொரு கோட் பசை, அதன் மேல் வெளிப்புறச் சுவருக்கான அக்ரிலிக் பெயின்ட் மூன்று கோட் அடிப்பார்கள். இங்கே பசையின் தண்ணீர் துணி வழியாக வெளியேறிவிடும். முந்தைய கேள்வியின் சிக்கல் வராது. செலவு குறைவு, நாற்றம் இல்லை. பெயின்ட் கீறிய இடத்தில் தண்ணீர் இறங்கினால் துணி மெல்ல உரியத் தொடங்கும். வருடா வருடம் பார்த்துப் பெயின்ட் அடிப்பவருக்கு இது ஏற்றது. அடிக்கடி நெடுந்தூரம் இழுப்பதானால் எபாக்ஸியும் (ஹார்டனர் கலந்து இறுக வைக்கும் ரெசின்) கண்ணாடித் துணியும் (நீங்கள் கேட்ட ஃபைபர் துணி) தான் என் பரிந்துரை.

சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்த கண்ணாடித் துணி போதும். துணி நனைய ஏறக்குறைய அதே எடை ரெசின், நுரையின் துளைகளையும் நெசவின் பள்ளங்களையும் நிரப்ப இன்னொரு 200 கிராம். 18 சதுர மீட்டருக்கு ஒரு பக்கம் 7.2 கிலோ, சிந்தல் சேதாரத்தோடு 8 கிலோ வாங்குங்கள். இரு பக்கமும் போர்த்த இதைப்போல் இரு மடங்கு.

விளிம்புகளைக் குறைந்தது 10 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிடுங்கள். கூர்மையான மூலையில் துணி படியாது, அடியில் காற்றுப் பை நிற்கும். துணியோடு துணி 5 செ.மீ. மேலேறட்டும். ரெசின், ஹார்டனர் விகிதத்தைத் தராசில் பாருங்கள். 'கொஞ்சம் அதிகமாக ஹார்டனர் விட்டால் சீக்கிரம் இறுகும்' என்ற எண்ணம் எபாக்ஸியில் பலிக்காது, பிசுபிசுவென்றே நிற்கும். டப்பா விகிதம் கன அளவில் தரப்பட்டதா எடையிலா என்பதையும் கவனியுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. 300 கிராமுக்கு மேல் ஒரே நேரத்தில் கலக்க வேண்டாம். கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றுங்கள். ஆழமான டப்பாவில் விட்டால் தானே சூடேறிப் புகையும். ஒவ்வொரு கோட் இறுகிய பின் மேலே மெழுகுபோல வழுக்கினால், தண்ணீரில் கழுவித் தேய்த்த பிறகே அடுத்ததைப் பூசுங்கள். எபாக்ஸி வெயிலில் மஞ்சளித்து நொறுங்கும். பெயின்ட் இல்லாமல் விடாதீர்கள்.

கேள்வி: கதவுக் கீலை நுரையில் எப்படித் திருகுவது?

பதில்: நுரையில் எந்தத் திருகும் நிற்காது. தோல் போர்த்தும் முன்பே, கீல் வரும் இடத்தில் நுரையை வெட்டி 12 மி.மீ. ப்ளைவுட் துண்டைப் பதியுங்கள். கீலைவிடச் சுற்றிலும் 5 செ.மீ. பெரிதாக இருக்கட்டும். எபாக்ஸியில் ஒட்டி, மேல்மட்டம் சமமாக வந்ததும் கண்ணாடித் துணி அதன் மேலும் செல்ல வேண்டும். திருகு துளையைப் பெரிதாகப் போட்டு எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பின் சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். இல்லாவிட்டால் திருகு வழியாக இறங்கும் தண்ணீர் ப்ளைவுட்டைத்தான் முதலில் அழுக வைக்கும்.

கேள்வி: கறுப்பு அல்லது கருநீலம் அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். எக்ஸ்.பி.எஸ். ஏறத்தாழ 75 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். நேர் வெயிலில் கறுப்புப் பரப்பு அதை நெருங்கும். எபாக்ஸியும் அதற்கு முன்பே இளகத் தொடங்கலாம். தோல் கொப்புளித்து நுரையைவிட்டு எழும்பும். வெள்ளை அல்லது வெளிர் நிறமே அடியுங்கள்.

கேள்வி: உள்ளே சமையல் அடுப்பு வைக்கலாமா?

பதில்: கூடாது. நுரை எரியும்போது கரும்புகை அடர்த்தியாக வரும், மிக வேகமாகப் பரவும். சிறிய அறையில் தப்ப நேரம் இருக்காது. சமையலைப் பின்கதவுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். தூங்கும் இடத்தில் புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்கட்டும். நுரையைச் சூடான கம்பியால் வெட்டும்போதும் புகை வரும். அந்த வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள்.