மேயருக்கு ஒருவர், சபைக்கு வேறு கட்சி போடலாமா? பலெர்மோவில் முதல் தடவை வாக்களிக்கப்போகும் சகோதரிக்கு

கேள்வி: பல வருடங்களாக பலெர்மோவில் இருக்கிறோம். எனக்கு அண்மையில்தான் சித்தாதினான்சா (இத்தாலியக் குடியுரிமை) கிடைத்தது, கணவருக்கு இன்னும் இல்லை. 2027-இல் வரும் சிந்தகோ (மேயர்) தேர்தல்தான் என் முதல் வாக்கு. மேயருக்கு ஒருவரையும் நகரசபைக்கு வேறு கட்சியையும் போட்டால் சீட்டு செல்லாது என்று மிலானோவில் இருக்கும் தம்பி சொல்கிறான். 50 வீதம் எடுக்காவிட்டால் மறுபடியும் தேர்தல் வரும் என்றும் சொல்கிறான். இங்கே உள்ளவர்கள் 40 போதும் என்கிறார்கள். எது சரி? நம்மவர் ஒருவர் சபைக்குக் கேட்டால் அவருக்கு எப்படிப் போடுவது? மாமிக்கும் வாக்கு இருக்கிறது, இத்தாலியன் பேசுவார், வாசிக்க வராது. நான் கூடவே உள்ளே போகலாமா?

பதில்: முதலில் தம்பியின் கதை. பிரித்துப் போடலாம், செல்லும். பலெர்மோவில் மட்டுமல்ல, அவர் இருக்கும் மிலானோவிலும் செல்லும். 15,000 பேருக்கு மேல் வாழும் ஊர்களில் ஒரு மேயர் வேட்பாளரின் பெயரில் புள்ளடி போட்டுவிட்டு, அவரோடு சேராத வேறொரு கட்சிச் சின்னத்திலும் புள்ளடி போட சட்டம் இடம் கொடுக்கிறது. செல்லாது என்ற பேச்சு எங்கிருந்து வருகிறதென்றால், சின்ன ஊர்களில் அப்படிப் போட முடியாது, பாராளுமன்றத் தேர்தலிலும் முடியாது. பாராளுமன்றச் சீட்டில் ஒரு வேட்பாளரையும் அவரைச் சேராத கட்சியையும் குறித்தால் அந்தச் சீட்டு குப்பைக்குத்தான். ஒரு தேர்தலின் விதியை இன்னொன்றுக்குச் சொல்லிக்கொண்டு போவதால் வரும் குழப்பம் இது, இத்தாலியர்களிடமே நிறைய இருக்கிறது.

சரி, சீட்டில் என்ன இருக்கும்? மேயர் வேட்பாளர்களின் பெயர்கள் இருக்கும், ஒவ்வொரு பெயரோடும் அவரை ஆதரிக்கும் பட்டியல்களின், அதாவது சபைக்கு ஆட்களை நிறுத்தும் கட்சிகளின், குழுக்களின் சின்னங்கள் இருக்கும், ஒவ்வொரு சின்னத்துக்கும் பக்கத்தில் எழுதுவதற்குக் கோடு இருக்கும். 2022-இல் பலெர்மோவில் 6 பேர் மேயருக்குக் கேட்டார்கள். நீங்கள் சின்னத்தில் மட்டும் புள்ளடி போட்டால் அந்த வாக்கு தானாகவே அந்தப் பட்டியலின் மேயர் வேட்பாளருக்கும் போய்ச் சேரும். மேயரின் பெயரில் மட்டும் போட்டால் அது மேயருக்கு மட்டும்தான், எந்தப் பட்டியலுக்கும் போகாது, அதாவது நகரசபையின் 40 இடங்களையும் யாருக்குக் கொடுப்பது என்பதில் உங்களுக்குச் சொல்லே இல்லாமல் போய்விடும். நிறையப் பேர் மேயரின் பெயரைக் குறித்துவிட்டு வேலை முடிந்தது என்று வெளியே வருகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய கவலை, ஏனென்றால் நம்மைப் போல எண்ணிக்கையில் சிறிய சமூகத்துக்கு சபைப் பக்கத்தில்தான் பலம் இருக்கிறது.

அதை விளக்குவதற்கு முன்னால் 40, 50 கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தம்பியும் பலெர்மோவில் உள்ளவர்களும் அவரவர் ஊருக்குச் சரியாகச் சொல்கிறார்கள். பலெர்மோ இருக்கும் சிசிலி தனி அதிகாரம் உள்ள பிராந்தியம், உள்ளூராட்சித் தேர்தலுக்குத் தன் சட்டத்தைத் தானே எழுதுகிறது. மிலானோ, ரோமா, நாப்பொலி போன்ற நகரங்களில் முதல் சுற்றிலேயே வெல்ல 50 வீதத்தைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் முதல் இருவருக்கும் இடையே இரண்டு கிழமை கழித்து பல்லொத்தாஜ்ஜோ என்ற இரண்டாம் சுற்று நடக்கும். 2021-இல் மிலானோவில் ஜுசெப்பே சாலா முதல் சுற்றிலேயே 57 வீதத்துக்கு மேல் எடுத்துவிட்டதால் அங்கே இரண்டாம் சுற்று இல்லை. அதே வருடம் ரோமாவில் மிக்கெத்தி 30 வீதத்தோடு முதலாவதாக வந்தார், ரொபெர்த்தோ குவால்தியேரிக்கு 27 வீதம்தான். இரண்டாம் சுற்றில் குவால்தியேரி 60 வீதம் எடுத்து மேயரானார்.

பலெர்மோவில் 2016-இல் வந்த சிசிலிச் சட்டத்துக்குப் பிறகு 40 வீதம் போதும். இதன் கனம் விளங்க வேண்டுமென்றால் கடைசி மூன்று தேர்தல்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2012-இல் லெயோலூகா ஒர்லாந்தோ முதல் சுற்றில் 47 வீதத்துக்கு மேல் எடுத்தும் அப்போது எல்லை 50 என்பதால் இரண்டாம் சுற்றுக்குப் போக வேண்டியிருந்தது, அங்கே 72 வீதத்தோடு வென்றார். 2017-இல் அதே ஒர்லாந்தோ 46 வீதம்தான் எடுத்தார், ஆனால் முதல் சுற்றிலேயே மேயர். 2022 ஜூன் 12-இல் முன்னாள் பல்கலைக்கழக ரெக்டர் ரொபெர்த்தோ லகல்லாவுக்கு 47.6 வீதம், அவரும் ஒரே சுற்றில் வந்துவிட்டார். மிலானோவில் இதே இலக்கம் வந்திருந்தால் மறுபடியும் தேர்தல்தான். ஆகவே பலெர்மோவில், முதல் சுற்றில் மனதுக்குப் பிடித்தவருக்குப் போடுவோம், இரண்டாம் சுற்றில் யோசிப்போம் என்று ஒத்திப்போட வேண்டாம். இரண்டாம் சுற்று வராமலே போகலாம்.

இன்னொன்றும் இதில் ஒட்டியிருக்கிறது. முதல் சுற்றில் வென்ற மேயரின் பட்டியல்கள் எல்லாம் சேர்ந்து 40 வீதத்தைத் தொட்டிருந்தால், வேறு எந்த அணியும் பாதியைத் தாண்டாத வரை, சபையில் 60 வீத இடங்கள் அந்த அணிக்குக் கொடுக்கப்படும். 40 இடங்களில் 24. நீங்கள் மேயரை ஒரு பக்கமும் பட்டியலை இன்னொரு பக்கமும் போடும்போது, அந்த மேயருக்குச் சபையில் பெரும்பான்மை கிடைக்கும் வழியைக் கொஞ்சம் இறுக்குகிறீர்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். அது தவறு என்று சொல்லவில்லை. மேயர் வேட்பாளர் நல்லவர், ஆனால் அவரோடு நிற்கும் கட்சிகளை நம்பவில்லை என்றால் பிரித்துப் போடுவது முழுக்க நியாயமான முடிவு.

இப்போது நம்மவர் விடயம். இலங்கையில் வாக்குப் போட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு விருப்பு வாக்கு தெரியும், பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி போட்டுவிட்டு வேட்பாளரின் இலக்கத்தைக் குறிப்போம். இங்கேயும் அதே எண்ணம்தான், ஆனால் இலக்கம் கிடையாது, பெயரும் அச்சடித்திருக்காது. சின்னத்துக்குப் பக்கத்தில் உள்ள கோட்டில் வேட்பாளரின் குடும்பப் பெயரை உங்கள் கையால் எழுத வேண்டும். நம் பெயர்கள் நீளம், இத்தாலியக் காகிதங்களில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகப் போயிருக்கும், ஊரில் கூப்பிடும் பெயர் வேறாக இருக்கும். எல்லோரும் அவரை 'ரவி அண்ணா' என்று கூப்பிடுகிறார்கள் என்பதற்காக ரவி என்று எழுதி வைத்தால் எண்ணுகிறவர்கள் தடுமாறுவார்கள். வேட்பாளர் பட்டியலில் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ அதே எழுத்துக்களில் எழுதுங்கள். ஒரே பட்டியலில் அதே குடும்பப் பெயரோடு இன்னொருவர் இருந்தால் முதற்பெயரையும் சேர்க்க வேண்டும். நம்மவர் யாராவது கேட்கிறார் என்றால் அவருடைய ஆதரவாளர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, வீடு வீடாகப் போய் அந்தப் பெயரை எழுதிப் பழக்குவதுதான். கூட்டம் வைப்பது, படம் போடுவது எல்லாம் பிறகு.

ஒரே பட்டியலில் இரண்டு பெயர் எழுதலாம், ஆனால் ஒருவர் ஆணும் மற்றவர் பெண்ணுமாக இருக்க வேண்டும். இரண்டு ஆண்களையோ இரண்டு பெண்களையோ எழுதினால் இரண்டாவது பெயர் அடிபட்டுப் போகும். எழுதும் பெயர் நீங்கள் புள்ளடி போட்ட பட்டியலில் இருப்பவராகவே இருக்க வேண்டும். நண்பர் ஒரு பட்டியலிலும் பிடித்த கட்சி இன்னொன்றிலும் இருந்தால் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்துதான் ஆக வேண்டும், மேயரை மட்டும் சுதந்திரமாகப் பிரிக்கலாம்.

மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது, இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. சிசிலியில் ஒரு பட்டியல் 5 வீதத்தைத் தொடாவிட்டால் அதற்குச் சபையில் ஒரு இடமும் கிடையாது. அந்தப் பட்டியலில் நின்றவர் எத்தனை ஆயிரம் விருப்பு வாக்கு எடுத்தாலும் வெளியேதான். மற்ற இத்தாலிய நகரங்களில் அந்த எல்லை 3 வீதம். பெரிய அணிகள் தேர்தல் நேரத்தில் புதிது புதிதாகக் குடிமக்கள் பட்டியல் என்று தொடங்கி, ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் ஒருவரைக் கூப்பிட்டு வேட்பாளராக்குவார்கள். அவர் கொண்டுவரும் வாக்குகள் மேயருக்குப் போய்ச் சேரும், பட்டியல் 5-ஐத் தொடாமல் அவர் வீட்டுக்குப் போவார். அதனால் யாராவது நம்மவரை நிற்கச் சொல்லிக் கேட்டால், எந்தப் பட்டியல், அது போன தடவை எவ்வளவு எடுத்தது, யார் யார் அதில் நிற்கிறார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும். 5-ஐத் தாண்டிய பட்டியலுக்குள், கிடைத்த இடங்கள் விருப்பு வாக்கு அதிகம் எடுத்தவர்களுக்கு வரிசையாகப் போகும். 2022-இல் பலெர்மோவில் வாக்குரிமை உள்ளவர்களில் ஏறக்குறைய 42 வீதம் பேர்தான் வந்து போட்டார்கள். வருகிறவர்கள் குறைவு, அதில் பெயர் எழுதுகிறவர்கள் இன்னும் குறைவு. ஒற்றுமையாகப் பெயர் எழுதும் சில தெருக்கள் ஒருவரைச் சபைக்கு அனுப்பக்கூடிய நகரம் இது.

அன்றே சிர்கொஸ்கிரிசியோனே என்ற வட்டாரச் சபைக்கும் தனிச் சீட்டு தருவார்கள். பலெர்மோவில் 8 வட்டாரங்கள். அதிகாரம் குறைவு, ஆனால் உங்கள் வீட்டு முன் விளக்கு எரியாதது பற்றிப் பேசப்போகும் ஆள் அங்கேதான் இருப்பார். அதையும் வெறுமையாக விட்டுவிட வேண்டாம்.

மாமியோடு உள்ளே போகலாமா என்றால், முடியாது. கண் தெரியாதவர், கை இயங்காதவர், அதற்குச் சமமான கடுமையான உடல் இயலாமை உள்ளவர் ஆகியோருக்குத்தான் துணையாள் அனுமதி. மொழி வாசிக்கத் தெரியாதது காரணமாக ஏற்கப்படாது. ஆனால் இதற்கு நல்ல வழி இருக்கிறது. தேர்தலுக்கு முன் மாதிரிச் சீட்டு வெளியாகும், கட்சிகளும் விநியோகிக்கும். அதை வீட்டில் வைத்து, எத்தனையாவது வரிசை, என்ன சின்னம், எந்தக் கோட்டில் எழுத வேண்டும் என்று பழக்கிவிடுங்கள். பெயர் எழுதுவது சிரமம் என்றால் சின்னத்தில் ஒரு புள்ளடி போதும், முன்னர் சொன்னபடி அது மேயருக்கும் சேர்த்தே போகும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: தன் பெயரையோ, தமிழில் ஒரு வார்த்தையையோ, ஒரு பிள்ளையார் சுழியையோகூடப் போடக் கூடாது. போட்டவர் யார் என்று அடையாளம் காட்டும் எந்தக் குறியும் சீட்டைக் கெடுத்துவிடும். அங்கே தரும் அழியாத பென்சிலால்தான் போட வேண்டும், சொந்தப் பேனா வேண்டாம், பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

தொலைபேசியை உள்ளே கொண்டுபோகக் கூடாது, மேசையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். 2008-இல் வந்த சட்டம் இது, மீறினால் 3 முதல் 6 மாதம் வரை சிறையும் 300 முதல் 1,000 யூரோ வரை தண்டமும் உண்டு. காரணம் இருக்கிறது. காசோ வேலையோ தருவதாகச் சொல்லி வாக்கு வாங்குகிறவர்கள் சீட்டின் படத்தைக் கேட்பார்கள். 2022 தேர்தலுக்கு முந்திய நாட்களில் மாஃபியாவோடு வாக்கு பேரம் பேசிய குற்றச்சாட்டில் பலெர்மோவில் இரண்டு சபை வேட்பாளர்கள் கைதானார்கள். வீட்டு வாடகை, வேலைக் காகிதம், சொஜோர்ணோ என்ற வதிவிட அனுமதி புதுப்பித்தல் என்று உங்கள் தேவையைத் தெரிந்துகொண்டு யாராவது வந்து பேசினால், அவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் ஒதுங்குங்கள். உள்ளே நீங்கள் என்ன போட்டீர்கள் என்பதை உலகத்தில் யாரும் பார்க்க முடியாது.

காகிதங்கள்: தெஸ்ஸெரா எலெத்தொராலே என்ற வாக்காளர் அட்டையும், படம் உள்ள அடையாள ஆவணமும் வேண்டும். குடியுரிமைக்கான சத்தியப்பிரமாணம் செய்த பிறகு கொமூனே (நகராட்சி) தானாகவே உங்களை வாக்காளர் பதிவில் சேர்க்கும், நீங்கள் விண்ணப்பிக்கத் தேவையில்லை. ஆனால் அட்டை கைக்கு வராமலிருந்தால் தேர்தல் அன்று வரை காத்திருக்காமல் இப்போதே தேர்தல் அலுவலகத்தில் கேளுங்கள். மாமியின் பழைய அட்டையில் முத்திரைக்கான 18 கட்டங்களும் நிரம்பியிருந்தால் அதையும் அங்கேயே மாற்றலாம்.

போன தடவை நடந்தது நினைவிருக்கும். 2022 ஜூன் 12 காலையில் பல சாவடிகளுக்குத் தலைமை அதிகாரிகளே வரவில்லை, அன்றிரவு பலெர்மோ காற்பந்து அணிக்கும் பாதோவா அணிக்கும் இறுதி ஆட்டம் வேறு, சில இடங்கள் பிற்பகலில்தான் திறந்தன. காலையில் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் வாக்கை இழந்தார்கள். அப்படி நடந்தால் மறுபடியும் வாருங்கள். மூடும் நேரத்தில் சாவடிக்குள் வரிசையில் நிற்பவர்களை அனுப்பிவிட முடியாது, அவர்கள் போட்டு முடியும் வரை திறந்திருக்க வேண்டும்.

கணவரைப் பற்றி: குடியுரிமை இல்லாமல் மேயருக்கோ சபைக்கோ வாக்கு இல்லை, எத்தனை வருடம் வரி கட்டியிருந்தாலும் இல்லை. ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர் கொமூனேயில் விண்ணப்பித்தால் போடலாம், இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் முடியாது. ஒர்லாந்தோ காலத்தில், 2013-இல், பலெர்மோ கொன்சூல்தா தெல்லே குல்தூரே என்ற அமைப்பை உருவாக்கி, வெளிநாட்டவர் தம் பிரதிநிதிகளைத் தாமே தெரிவு செய்ய வழி செய்தது. நல்ல முயற்சி, நான் மதிக்கிறேன், ஆனால் அது ஆலோசனை சொல்லும் சபைதான். குடியுரிமைக்குத் தேவையான 10 வருட வதிவிடத்தை 5 ஆகக் குறைக்கும் பொதுவாக்கெடுப்பு 2025 ஜூன் 8, 9-இல் நடந்தது, பாதிப் பேர்கூட வராததால் செல்லுபடியாகவில்லை, ஆகவே 10 வருடம் அப்படியே இருக்கிறது. நீங்கள் இத்தாலியப் பிரஜை ஆகிவிட்டதால் கணவர் திருமண வழியிலும் விண்ணப்பிக்கலாம், பி1 நிலை இத்தாலிய மொழிச் சான்றிதழ் கட்டாயம் கேட்பார்கள், அதை இப்போதே படிக்கத் தொடங்கச் சொல்லுங்கள். 2027-க்குள் வருவது சந்தேகம். பிள்ளைகளில் யாராவது இங்கே பிறந்து தொடர்ந்து இங்கேயே சட்டப்படி வாழ்ந்து, இன்னும் குடியுரிமை இல்லாமல் 18-ஐ நெருங்கினால், 19 முடிவதற்குள் அல்ல, 19-ஐத் தொடுவதற்குள் கொமூனேயில் போய் அறிவிக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தைத் தவறவிட்டால் பிறந்த மண்ணிலேயே வதிவிட வழியில் வரிசையில் நிற்க வேண்டிவரும்.