மலைத்தட வண்டியில் ஆண்டெனாவை எங்கே நிறுத்துவது? – கேள்வி பதில்

திருமங்கலத்திலிருந்து ஒரு நண்பர்: என் பொலிரோவில் 145 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் வானொலி (பேசவும் கேட்கவும் உதவும் பொழுதுபோக்கு வானொலி) பொருத்தப் போகிறேன். கூரையில் துளை போட வீட்டில் சம்மதிக்கவில்லை. முன் பம்பரில் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் பின்னால் வரும் வண்டிக்காரர் உங்கள் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். அலைநீளத்தில் கால் பங்குள்ள கம்பி இந்த அலைவரிசைக்கு ஏறத்தாழ அரை மீட்டர்தான். அந்தக் கம்பி ஆண்டெனாவின் ஒரு பாதி. அதன் அடியில் விரிந்து கிடக்கும் இரும்புத் தகடே மறு பாதி. கூரையின் நடுவில் நிறுத்தினால் நாற்புறமும் தகடு கிடைப்பதால் அலை எல்லாத் திசையிலும் ஏறக்குறைய சமமாகப் பரவுகிறது. பம்பரிலோ எஞ்சினும் கேபினும் சுவர்போல் பின்னால் நிற்கின்றன. கண்மாய்க்கரைச் சேறு வேறு இணைப்பில் ஏறும். துளை வேண்டாமென்றால் காந்த அடியைக் கூரை நடுவில் வையுங்கள். அடியில் மணல் ஒட்டினால் வண்ணம் கீறும் என்பதால் அவ்வப்போது எடுத்துத் துடைக்க வேண்டும். (முக்கால் அங்குலத் துளையை ரப்பர் வளையத்தோடு ஒழுங்காக அடைத்தால் மழை இறங்காது என்பதை வீட்டில் சொல்லிப் பாருங்கள்.)

தேனியிலிருந்து: என் ஜீப்பின் கூரை ஃபைபர். காந்தம் ஒட்டவில்லை.

ஒட்டினாலும் பயனிராது, அடியில் இரும்பு இல்லையே. பானெட்டின் பின்மூலையில், கண்ணாடிக் கம்பத்தை ஒட்டி ஒரு பிராக்கெட் போடுங்கள். இடப்பக்க மூலையில் வைத்தால், இரும்பு அதிகமுள்ள திசையான வலப்பக்கம் நோக்கி அலை சற்று வலுவாகச் செல்லும். அதைக் குறையென்று கொள்ள வேண்டாம்.

இங்கே பலர் சறுக்குவது எர்த்தில்தான், அதாவது பிராக்கெட் வண்டியின் இரும்பு உடலோடு சேரும் இணைப்பில்தான். என் பழைய ஜீப்பில் பிராக்கெட்டை முறுக்கி இறுக்கிய பிறகும் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆண்டெனாவிலிருந்து ஆற்றல் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு; 1-ஐ நெருங்கினால் நல்லது) 3-க்குக் கீழே இறங்கவில்லை. இரண்டு நாள் வானொலியையும் ஆண்டெனாவையும் இணைக்கும் கேபிளைச் சந்தேகித்தேன். கடைசியில், பிராக்கெட்டுக்கு அடியிலிருந்த வண்ணப்பூச்சைப் பழைய ஐம்பது காசு அளவுக்குச் சுரண்டி, தகடு பளபளத்ததும் வாஷரை வைத்து இறுக்கினேன், மீட்டரின் முள் 1.4-இல் வந்து நின்றது. சுரண்டிய இடத்தில் கிரீஸ் தடவ மறக்காதீர்கள், துரு பிடித்தால் பழைய கதைதான்.

நத்தத்திலிருந்து: ஸ்டெப்னி மேல் பொருத்தினால் சிறுமலைப் பாதையில் கிளைகளுக்குத் தப்புமே?

கிளைக்குத் தப்பும், ஆனால் கம்பியின் கீழ்ப்பாதி பின்கதவுக்குப் பக்கத்திலேயே நிற்பதால் முன்திசையில் அலை மங்கும். மேலும் கதவு உடலோடு கீல் வழியாக மட்டுமே சேர்ந்திருக்கிறது. அதை நம்பாமல் கதவுக்கும் சேஸிஸுக்கும் இடையே தட்டையான செம்புப் பின்னலைப் போட வேண்டும். நானாக இருந்தால் கூரையில் அரை மீட்டர் கம்பியை ஸ்பிரிங் அடியோடு வைப்பேன். 1.9 மீட்டர் உயர வண்டியில் கம்பியின் நுனி 2.4 மீட்டரைத்தான் தொடும். புளியங்கிளை இடித்தால் வளைந்து நிமிர்ந்துவிடும்.

மேலூரிலிருந்து: கேபிள் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஆர்.ஜி. 58 என்ற மெல்லிய கேபிள் வகையில் 5 மீட்டர் ஓடினாலே இந்த அலைவரிசையில் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல் வழியிலேயே கரைந்துவிடும். கதவிடுக்கில் நசுங்காமல் ரப்பர் ஓரமாகக் கொண்டுவாருங்கள். உள்ளே நுழையுமுன் வெளியில் ஒரு தொய்வு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

உசிலம்பட்டியிலிருந்து: உரிமம் தேவையா? பொருத்தியதை எப்படிச் சோதிப்பது?

இந்த அலைவரிசையில் பேசத் தொலைத்தொடர்புத் துறை வழங்கும் அமெச்சூர் உரிமம் கட்டாயம் வேண்டும். சோதனையைக் கொட்டகைக்குள் செய்யாதீர்கள். தகரக்கூரை முள்ளைக் குழப்பும். வண்டியைப் பொட்டலில் நிறுத்தி, கதவுகளையும் பானெட்டையும் மூடி, அருகில் யாரும் நில்லாமல் குறைந்த ஆற்றலில் எஸ்.டபிள்யூ.ஆரை அளந்து பாருங்கள்.