பிரேக்கில் குறை இருக்கலாம், சரிசெய்ய வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று கார் நிறுவனத்திடமிருந்து ரீகால் செய்தி வந்தும் சர்வீஸ் சென்டரில் "பார்ட்ஸ் வரவில்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள். என்ன செய்வது? அதுவரை காரை ஓட்டலாமா?

இது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. எனக்கும் திருச்சியில் இதே அனுபவம்தான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எந்த கார் வைத்திருப்பவரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்வார்.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். பிரேக் பூஸ்டரில் (நாம் மிதிக்கும் பலத்தைப் பெருக்கித் தரும் பாகம்) குறை இருக்கலாம் என்ற குறுஞ்செய்தி முதல் உரிமையாளரின் எண்ணுக்குப் போயிருக்கிறது. விற்றுவிட்ட வண்டிக்கு வந்த செய்தியை அவர் ஏன் மெனக்கெட்டுப் படிக்கப் போகிறார்? ஆர்.சி. என் பெயருக்கு மாறி வெகுகாலம் ஆகியும் நிறுவனத்தின் பதிவில் அவர்தான் உரிமையாளர். நாளிதழில் செய்தி பார்த்துவிட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்ட பிறகுதான் என் வண்டியும் பட்டியலில் இருப்பது தெரிந்தது. பழைய கார் வாங்குகிறவர்கள் டயரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். சேசிஸ் எண் ஆர்.சி.யில் எழுத்தும் எண்ணுமாக 17 இடங்களில் இருக்கும். அதில் ஆங்கில 'ஓ', 'ஐ' எழுத்துகள் வராது. வட்டமாகத் தெரிந்தால் சுழி, கோடாகத் தெரிந்தால் ஒன்று. பலருக்கு "எண் தவறு" என்று வருவது இதனால்தான்.

சர்வீஸ் அட்வைசர் மரியாதையான இளைஞர். "சின்ன விஷயம்தான் சார், தாராளமாக ஓட்டலாம். அடுத்த பெய்டு சர்வீஸுக்கு வரும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். வந்ததுதான் வந்தீர்கள், வீல் அலைன்மென்டும் ஏசி சுத்தமும் செய்துவிடலாமா என்றும் கேட்டார். "ஓட்டலாம் என்றீர்களே தம்பி, அதை ஜாப் கார்டில் (வேலை விவரச் சீட்டு) எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்றேன். டேப்லெட்டில் ஓடிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது. மேனேஜரைக் கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் வந்தார், காபி வந்தது, கையெழுத்து மட்டும் வரவில்லை.

அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபமில்லை. ரீகால் வேலைக்கு நம்மிடமிருந்து டீலருக்கு ஒரு ரூபாய் கிடைக்காது. நிறுவனம் தனக்கென வைத்திருக்கும் கூலிக் கணக்கில்தான் கொடுக்கும். பணம் கட்டும் வண்டிகள் வாசலில் காத்திருக்கும்போது நம் வண்டி எந்த இடத்தில் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. நிறுவனமும் அறிவிப்பை ஒரே நாளில் நாடு முழுக்க அனுப்பிவிடும். உதிரிபாகம் அந்த வேகத்தில் வருவதில்லை. 2018 மே மாதம் மாருதி சுசூகி நிறுவனம் தன் ஸ்விஃப்ட், பலேனோ கார்களில் 52,686-ஐ பிரேக் வாக்குவம் ஹோஸ் என்ற குழாயைச் சோதிக்க அழைத்தது. 2022 அக்டோபரில் பின்சக்கர பிரேக் அமைப்பில் உள்ள 'பின்' (pin) என்ற சிறு ஆணி உடையக்கூடும் என்று வேகன் ஆர், செலேரியோ, இக்னிஸ் கார்கள் 9,925-ஐ அழைத்தது. எத்தனை வண்டிகள் அழைக்கப்பட்டன என்பது செய்தியாகிறது. அவற்றில் எத்தனை சரிசெய்யப்பட்டன என்பதை நான் எந்த நாளிதழிலும் படித்ததில்லை. அமெரிக்காவில் அந்தக் கணக்கை நிறுவனங்கள் காலாண்டுதோறும் அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் கொடுத்தாக வேண்டும்.

ஓட்டலாமா என்பது குறையைப் பொறுத்தது. 2022-இல் மெர்சிடஸ் பென்ஸ் தன் பழைய எம்.எல்., ஜி.எல்., ஆர் வகைக் கார்கள் சுமார் பத்து லட்சத்தை உலகம் முழுவதும் திரும்ப அழைத்தது. துருவால் பிரேக் பூஸ்டர் பழுதாகலாம் என்பதால், சோதிக்கும் வரை ஓட்டவே வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னது. உங்களுக்கு வந்த செய்தியில் ஓட்டலாம், ஓட்டக்கூடாது என்று எதுவும் இல்லையென்றால் அதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பூஸ்டர் சார்ந்த குறையை வீட்டு வாசலிலேயே ஓரளவு சோதிக்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக் பெடலை நான்கைந்து முறை மிதியுங்கள், கெட்டியாகிவிடும். காலை எடுக்காமல் இன்ஜினை இயக்கினால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையா, பூஸ்டர் உதவவில்லை. அப்போதும் பிரேக் பிடிக்கும், ஆனால் உடம்பின் முழு பலத்தையும் போட்டு மிதிக்க வேண்டியிருக்கும். பெடல் கெட்டியாக நிற்காமல் மெல்ல மெல்லத் தரைவரை போகிறதென்றால் அது வேறு கோளாறு, பெரும்பாலும் பிரேக் ஆயில் கசிவு. அந்த வண்டியைத் தெருமுனைக்குக்கூட எடுக்காதீர்கள். இந்தச் சோதனையில் தேறிவிட்டது என்று ரீகாலை விட்டுவிடவும் கூடாது. இன்று சரியாக இருக்கும் பாகம் நாளை பழுதாகலாம் என்பதால்தானே அழைக்கிறார்கள்.

சட்டம் இல்லாமலில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி மத்திய அரசே உத்தரவிடலாம். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும், அபராதம் பத்து லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை. ஆனால் நிறுவனமே முன்வந்து குறையைச் சொல்லிவிட்டால் அபராதம் கிடையாது. நம் தலைவலியோ அவர்கள் சொன்ன பிறகுதான் ஆரம்பிக்கிறது.

எனவே வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு திறக்கச் சொல்லி, "பாகம் இருப்பில் இல்லை" என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். அதன் படத்தையும் சேசிஸ் எண்ணையும் வைத்து நிறுவனத்தின் தலைமை வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: வண்டியை ஓட்டலாமா, பாகம் எந்தத் தேதிக்கு வரும், அதுவரை மாற்று வண்டி உண்டா? டீலரிடம் கேட்டுக்கொண்டிருப்பது வீண். எனக்கு அந்த மின்னஞ்சலுக்குப் பிறகுதான், நாட்டிலேயே இல்லாததுபோலப் பேசப்பட்ட பாகம் தஞ்சாவூர் கிளையில் இருப்பது தெரியவந்தது. நீங்களும் பக்கத்து ஊர்க் கிளைகளைக் கேளுங்கள். வண்டி வாங்கிய இடத்தில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த கட்டமாக, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

வேலை முடிந்ததும், தொகை பூஜ்யம்தான் என்றாலும், மாற்றிய பாகத்தின் பெயரோடு பில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் வண்டிக்கு எல்லாம் முடிந்த பிறகும் இணையதளம் "நிலுவை" என்றே காட்டிக்கொண்டிருந்தது. பில்லை அனுப்பித்தான் திருத்த வைத்தேன்.