பழைய காலத்துக் கோட், அளவெடுத்துத் தைத்த உடை: எனக்கென்று ஒரு பாணியை எப்படி உருவாக்குவது?

பழைய கோட் வாங்கப் போகும்போது தோளிலிருந்து ஆரம்பியுங்கள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். வாங்கிய பிறகு இடுப்பைப் பிடித்துத் தைக்கலாம், கை நீளத்தைக் குறைக்கலாம். ஆனால் தோளை மாற்றுவது கிட்டத்தட்ட கோட்டையே பிரித்துத் தைக்கும் வேலை. பழைய உடைகளில் சைஸ் லேபிளை நம்ப வேண்டாம், டேப் வைத்து அளந்து பாருங்கள்.

அடுத்து, கீழ்ப் பொத்தானுக்குப் பக்கத்தில் முன்துணியையும் உள்துணியையும் விரல்களால் பிடித்து மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஓர் அடுக்கு தனியாக நழுவினால், அது கேன்வாஸ் (கோட்டுக்கு வடிவம் தரும் உள் அடுக்குத் துணி) வைத்துத் தைத்தது. பசையில் ஒட்டிய கோட்டைவிட இது போடப் போட உடம்போடு பழகும். என்னைக் கேட்டால், இதற்காகவே கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம்.

1930களின் வெட்டு எனக்கு மிகவும் பிடிக்கும்: மார்பில் சற்றுத் தளர்வு, இடுப்பில் இறுக்கம், தொப்புள் வரை ஏறும் கால்சட்டை. பிரிட்டிஷ் அரசர் எட்டாம் எட்வர்டுக்கு லண்டன் தையல்காரர் ஃபிரெடரிக் ஷோல்ட்டே இந்த வகைக் கோட்டுகளைத்தான் தைத்தார். ஆனால் தலை முதல் கால் வரை அதே காலத்து உடை என்றால் நாடக வேஷம்போல் ஆகிவிடும். நான் உயர்இடுப்பு சாம்பல் நிறக் கம்பளிக் கால்சட்டை ஒன்றோடு ஆரம்பித்தேன்; மேலே சாதாரண வெள்ளைச் சட்டைதான். ஆறு மாதம் அப்படியே போட்டபிறகுதான் கோட் வாங்கினேன்.