இரவு 10 மணிக்குச் சொன்னது விடிகாலை 3:30க்கு அச்சாவது ஏன்? கப்ஸ் பிரிண்ட் வரிசை கேள்வி பதில்

லினக்ஸில் கப்ஸ் (அச்சு வேலைகளை வரிசையில் வைத்துப் பிரிண்டருக்கு அனுப்பும் மென்பொருள்) வழியாக அச்சடிப்பவர்கள் கேட்டவை இவை. கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். '-எச்' மட்டும் பெரிய எழுத்து, மற்றதெல்லாம் சிறிய எழுத்து. பிரிண்டர் பெயர் 'ஆபீஸ்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: "எல்பி -டி ஆபீஸ் -எச் 22:00" கொடுத்தேன். இரவு 10க்கு வரவில்லை, விடிகாலை 3:30க்குத்தான் அச்சானது. கணினியில் நேரம் சரியாகவே இருக்கிறது. எங்கே தப்பு அண்ணா?

-எச்சுக்குப் பின்னால் வரும் மணியைக் கப்ஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளாது, யுடிசி எனப்படும் உலகப் பொது நேரமாகத்தான் படிக்கும். சென்னையிலோ கொழும்பிலோ இருந்தால் ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துக் கொடுங்கள். இரவு 10க்கு 16:30. சிங்கப்பூர், மலேசியா என்றால் எட்டு மணி நேரம் கழித்து 14:00. கொடுத்த நேரம் ஏற்கெனவே தாண்டியிருந்தால் சத்தமில்லாமல் மறுநாளுக்குப் போய்விடும், எச்சரிக்கை வராது.

வரிசையில் நிற்கும் ஜாபை (அச்சு வேலையை) திருத்த, அதன் எண்ணைச் சொல்லி "எல்பி -ஐ ஆபீஸ்-214 -எச் 16:30". குறிப்பிட்ட மணி தேவையில்லை, வேலை நேரம் முடிந்து அச்சானால் போதும் என்றால் "-ஓ ஜாப்-ஹோல்ட்-அன்டில்=நைட்" சேருங்கள். இது மட்டும் உள்ளூர் நேரப்படி நடக்கும்: மாலை 6 முதல் காலை 6 வரை.

கேள்வி: இந்தக் கணக்கெல்லாம் வேண்டாமென்று, குறித்த நேரத்தில் ஒரு வேலையை ஓட்டும் 'அட்' கட்டளையில் போட்டுவிடலாமா?

போடலாம், அது உள்ளூர் நேரத்தையே பார்க்கும். ஆனால் அச்சாவது எந்தப் பிரதி என்பது மாறிவிடும். எல்பி, நீங்கள் என்டர் தட்டியதுமே கோப்பை ஸ்பூலுக்கு (கப்ஸின் காத்திருப்பு இடத்துக்கு) நகலெடுத்துவிடுகிறது. மாலை 5க்கு அனுப்பி 6க்கு ஒரு தொகையைத் திருத்தினால், இரவில் வருவது பழைய தொகைதான். 'அட்' 10 மணிக்குத்தான் கோப்பைத் திறக்கும். திருத்தம் அச்சில் வரும், ஆனால் அதற்குள் யாராவது கோப்பை இடம் மாற்றியிருந்தால் ஒன்றுமே வராது. கையெழுத்தாகி முடிந்ததற்கு எல்பி, கடைசிவரை மாறும் அறிக்கைக்கு 'அட்'.

கேள்வி: பிரிண்டர் ஆனில் இருக்கிறது, பேப்பரும் இருக்கிறது. கொடுப்பதெல்லாம் வரிசையில் சேர்கிறதே தவிர அச்சாகவில்லை. கப்ஸை ரீஸ்டார்ட் செய்தும் அப்படியே.

ரீஸ்டார்ட்டில் சரியாகாது. 'நிறுத்தப்பட்டது' என்ற நிலையைக் கப்ஸ் எழுதிவைத்துக்கொள்கிறது, எழுந்ததும் அதே நிலைக்குத்தான் திரும்பும். முதலில் "எல்பிஸ்டாட் -பி ஆபீஸ்" பாருங்கள். 'டிசேபிள்டு' என்றிருந்தால் "கப்ஸ்எனேபிள் ஆபீஸ்". உங்களுக்கு அநேகமாக இதுதான். புது ஜாபே உள்ளே போகாமல் மறுக்கப்பட்டால் அது வேறு கதவு: "எல்பிஸ்டாட் -ஏ ஆபீஸ்" பார்த்து "கப்ஸ்ஆக்செப்ட் ஆபீஸ்" கொடுக்க வேண்டும். இரண்டும் திறந்திருந்தும் ஒரே ஒரு ஜாப் நகரவில்லையென்றால், அதை யாரோ நிறுத்திவைத்திருக்கிறார்கள். "எல்பி -ஐ ஆபீஸ்-214 -எச் ரெஸ்யூம்" விடுவிக்கும்.

திரும்பத் திரும்ப நடந்தால் பிழைக் கொள்கையைப் பாருங்கள். அது 'ஸ்டாப்-பிரிண்டர்' என்றிருந்தால், கேபிள் ஒருமுறை கழன்றாலே வரிசை மொத்தமும் நின்றுவிடும். "எல்பிஅட்மின் -பி ஆபீஸ் -ஓ பிரிண்டர்-எரர்-பாலிசி=ரீட்ரை-ஜாப்" என்று மாற்றுங்கள். வேறு அமைப்பு இல்லாதவரை 30 நொடிக்கு ஒருமுறை, 5 தடவை முயன்றுவிட்டு அந்த ஜாபை மட்டும் கைவிடும். பின்னால் நிற்பவை நகரும்.

கேள்வி: 40 பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் அவசரமாக ஒரு பக்கம் எடுக்க "-க்யூ 100" உதவுமா?

ஓடுவதை இடைமறிக்காது. முன்னுரிமை 1 முதல் 100 வரை, சொல்லாவிட்டால் 50. 100 கொடுத்தால் காத்திருப்பவற்றில் முதலாவதாக நிற்கும், அவ்வளவுதான். அதுவரை பொறுக்க முடியாது, 'மாடி' என்று இன்னொரு பிரிண்டர் இருக்கிறது என்றால் "எல்பிமூவ் ஆபீஸ்-215 மாடி".

கேள்வி: டோனர் மாற்றும்போது வரிசையை எப்படி நிறுத்துவது?

"கப்ஸ்டிசேபிள் --ஹோல்ட் ஆபீஸ்". ஓடும் ஜாப் முடியும், மற்றவை காத்திருக்கும். --ஹோல்ட் இல்லாமல் கொடுத்தால் ஓடிக்கொண்டிருப்பது பாதியில் அறுந்து, பிறகு முதல் பக்கத்திலிருந்து மறுபடி வரும், பேப்பர் வீண். டோனர் போட்டதும் "கப்ஸ்எனேபிள் --ரிலீஸ் ஆபீஸ்". கப்ஸ்ரிஜெக்ட் இதற்கு வேண்டாம், அனுப்புகிறவர்களுக்கெல்லாம் பிழைச்செய்தி போகும்.

கேள்வி: தினமும் காலை 8க்கு வரிசையைத் திறக்க கிரானில் (கட்டளையைக் குறித்த நேரங்களில் தானாக ஓட்டும் வசதி) கப்ஸ்எனேபிள் போட்டேன். கையால் அடித்தால் வேலை செய்கிறது, கிரானில் செய்யவில்லை ஐயா.

பயனரின் கிரான் வழக்கமாக /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டில் மட்டும்தான் கட்டளையைத் தேடும். கப்ஸ்எனேபிள் இருப்பது /யூஎஸ்ஆர்/எஸ்பினில். முழுப் பாதையும் எழுதுங்கள்:

0 8 * * * /யூஎஸ்ஆர்/எஸ்பின்/கப்ஸ்எனேபிள் ஆபீஸ்

இதை ரூட்டின் (நிர்வாகிப் பயனரின்) கிரான்டேபில், அதாவது கிரான் பட்டியலில் வையுங்கள். சாதாரணப் பயனராக ஓட்டினால் கடவுச்சொல் கேட்கக்கூடும், காலை 8 மணிக்கு அதைத் தட்ட அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.