ராணுவ தளத்துக்குள் தாத்தாவின் நிலம்: விற்கலாமா, காத்திருக்கலாமா?

கேள்வி: ஜப்பானில் வேலை பார்க்கிறேன். மனைவி ஒகினாவாக்காரர். கினோவான் நகரில், ஃபுடென்மா அமெரிக்க விமானத் தளத்துக்குள் அவருடைய தாத்தா பெயரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. தாத்தா இறந்துவிட்டார்; குத்தகைப் பணம் மாமனாருக்கு வருகிறது. "தளத்தைத் திருப்பிக் கொடுத்ததும் குத்தகை நின்றுவிடும், இப்போதே விற்றுவிடுங்கள்" என்று ஒரு தரகர் நச்சரிக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: குத்தகை ஒருநாள் நிற்கும் என்பது உண்மை. "இப்போதே" என்பதுதான் தரகரின் சொந்தச் சரக்கு.

1995-ல் அமெரிக்கப் படையினர் மூவர் ஒரு பள்ளிச் சிறுமியைச் சீரழித்த கொடுமைக்குப் பிறகு ஒகினாவா தீவே கொந்தளித்தது. மறு ஆண்டு டிசம்பரில், ஃபுடென்மாவை 5 முதல் 7 ஆண்டுகளுக்குள் ஒப்படைப்பதாக இரு அரசுகளும் அறிவித்தன. ஆனால் அதே தீவில் மாற்றுத் தளம் வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த மாற்றுத் தளம் ஹெனோகோ கடலோரத்தில் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. 2019-ல் ஒகினாவாவில் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் சுமார் 72 சதவீதம் பேர் அதை எதிர்த்தார்கள், டோக்கியோ கேட்கவில்லை. கடலடி மண் குழைவாக இருப்பதால் அதை இறுக்கிய பிறகே மேலே கட்ட முடியும். ஹெனோகோவை ஒட்டிய ஓரா விரிகுடாப் பகுதியில் 2024 ஜனவரியில் தொடங்கிய வேலைக்கு அரசே 12 ஆண்டுகள் என்று கணக்குச் சொல்கிறது. ஆக, 2030-களின் பிற்பாதிக்கு முன் உங்கள் நிலம் கைக்கு வராது.

இந்த நிலங்களின் விலை பேசப்படும் விதத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஆண்டுக் குத்தகையை ஒரு மடங்கால் பெருக்குவார்கள், அதுதான் விலை. குத்தகை தருவது ஜப்பான் அரசு, அமெரிக்கா அல்ல. அதனால் வருமானம் உறுதி. கடேனா போல இப்போதைக்கு அசையாத தளம் என்றால் மடங்கு ஏறும். திருப்பித் தருவதாக அறிவித்த தளம் என்றால் இறங்கும். 'திருப்பித் தரப்போகிறார்கள்' என்று தரகர் பயமுறுத்துவது அந்த மடங்கை இறக்கத்தான்.

நிலம் திரும்பும் நாளில் என்ன நடக்கும்? ஜப்பானில் உள்ள அமெரிக்கப் படைகள் பற்றி இரு நாடுகளும் செய்த 1960 ஒப்பந்தத்தின் 4-வது பிரிவுப்படி, நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பொறுப்பு அமெரிக்காவுக்கு இல்லை. சுத்தம் செய்வது ஜப்பான் அரசின் தலையில். 1987-ல் கடேனா தளத்திலிருந்து திரும்பிய ஒரு துண்டு, ஒகினாவா நகரில் கால்பந்து மைதானமாக இருந்தது. 2013-ல் அங்கே தோண்டியபோது துருப்பிடித்த டிரம்கள் வெளிவந்தன; போகப்போக நூற்றுக்கு மேல் கிடைத்தன, டயாக்சின் என்ற நச்சும் இருந்தது. ஃபுடென்மாவிலும் 2020 ஏப்ரலில் நச்சு கலந்த தீயணைப்பு நுரை வேலி தாண்டி ஊருக்குள் மிதந்தது. அதனால் திரும்பும் தள நிலங்களுக்கான 2012 சட்டம், மண்ணைச் சோதித்து, குண்டுகளையும் நச்சையும் அகற்றிய பிறகே அரசு உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. அந்தக் காலத்துக்குக் குத்தகைக்கு ஈடான பணம் வரும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான காத்திருப்பு. சாலை, பூங்கா, பள்ளி போட நில மறுசீரமைப்பு நடக்கும். ஒவ்வொருவர் நிலத்திலும் ஒரு பகுதி கழியும். ஒகினாவாவின் தலைநகர் நாஹாவின் ஷிண்டோஷின் பகுதி முழுதாகத் திரும்பியது 1987-ல், மறுசீரமைப்பு தொடங்கியது 1992-ல். இன்று அது நகரின் பரபரப்பான கடைவீதி. திரும்புவதற்கு முன்பிருந்ததைவிட 32 மடங்கு பொருளாதாரப் பலன் என்பது மாகாண அரசின் கணக்கு. ஆனால் அது ஊருக்குக் கிடைத்த பலன். இடைப்பட்ட ஆண்டுகளில் குத்தகையை நம்பியே குடும்பம் நடத்திய முதியவர்கள் திண்டாடினார்கள். மாமனாருக்கு வேறு வருமானம் உண்டா என்பதுதான் உங்கள் முடிவைத் தீர்மானிக்க வேண்டும், தரகரின் அவசரம் அல்ல.

எதைச் செய்தாலும் முதலில் பதிவைச் சரிசெய்யுங்கள். 2024 ஏப்ரல் முதல் வாரிசுப் பெயர் மாற்றம் கட்டாயம். சொத்து வந்தது தெரிந்த 3 ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். பழைய மரணங்களுக்கும் இது பொருந்தும். தவறினால் 1 லட்சம் யென் வரை அபராதம். தாத்தாவுக்கு எத்தனை பிள்ளைகளோ அத்தனை பேரும், இறந்தவர்களின் வாரிசுகளும் பங்குதாரர்கள். இதைத் தீர்க்காமல் விற்கவும் முடியாது.

எல்லையையும் பாருங்கள். 1945 போரில் நில ஆவணங்கள் எரிந்துபோயின, ஊர்கள் ஓடுபாதைக்கு அடியில் போயின. பிறகு வான்படங்களையும், கிணறு, கல்லறை எங்கே இருந்தது என்ற பெரியவர்களின் நினைவையும் வைத்து, உரிமையாளர்கள் கூடிப் பேசி எல்லை குறித்தார்கள். 1977-ல் அதற்கென்றே ஒரு சட்டமும் வந்தது. உங்கள் துண்டுக்கு வரைபடமும் பரப்பும் ஒத்துப்போகிறதா என்று உள்ளூர் உரிமையாளர் சங்கத்தில் கேளுங்கள்.

விற்றே ஆக வேண்டுமென்றால் தரகருக்கு முன் கினோவான் நகராட்சியை அணுகுங்கள். பொதுப் பயன்பாட்டுக்காக நகராட்சி முன்கூட்டியே வாங்கும் திட்டம் இருக்கிறது; அப்படி விற்கும்போது லாபத்தில் 5 கோடி யென் வரை வரிக் கழிவு உண்டு. தரகர் இதை மட்டும் சொல்லியிருக்க மாட்டார்.